கறுத்த கொலுசும் கலப்படப் பழியும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சிவதாபுரத்துக் கொலுசுப் பட்டறைகளில் நாற்பது ஆண்டுகள் உழைத்தவன் நான். என் தம்பி மகளுக்குத் தை மாதம் திருமணம். சீரில் வைத்த கொலுசு வைகாசிக்குள் கறுத்துவிட்டது. "கலப்பட வெள்ளியைக் கொடுத்துவிட்டீர்களே" என்று சம்பந்தி வீட்டார் நாலு பேர் முன்னால் கேட்டார்கள். தம்பி தலைகுனிந்து நின்றான். அந்தக் கொலுசைச் செய்தவன் நான். 925 முத்திரை அதிலேயே இருக்கிறது. யாரும் திருப்பிப் பார்க்கவில்லை.

இந்தப் பழி எத்தனையோ வீடுகளில் விழுகிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

இரும்பு துருப்பிடிப்பதுபோல வெள்ளி காற்றிலுள்ள ஆக்சிஜனால் கெடுவதில்லை. அதைக் கறுக்கவைப்பது கந்தகம். அழுகிய முட்டை வாடை வீசும் ஹைட்ரஜன் சல்பைடு வாயு காற்றில் துளியளவு இருந்தாலே போதும், வெள்ளியின் மேல் வெள்ளி சல்பைடு என்ற படலம் படியும். மெல்லியதாக இருக்கும்போது மஞ்சள், தடிக்கத் தடிக்கப் பழுப்பு, சில இடங்களில் நீலம், கடைசியில் கறுப்பு. ஈரம் இருந்தால் இன்னும் சீக்கிரம். சுத்த வெள்ளியும் இதற்குத் தப்பாது. என் பாட்டி முடிந்துவைத்திருந்த விக்டோரியா ராணி ரூபாய் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்றரைக்கு மேல் வெள்ளி. அதுவும் பெட்டிக்குள்ளேயே கறுத்துத்தான் கிடந்தது.

செம்பு கூடினால் சற்று விரைவாகக் கறுக்கும் என்பது உண்மை. ஆனால் செம்பு சேர்ப்பது ஏமாற்று அல்ல. சுத்த வெள்ளி மிக மென்மையானது. நடக்கும் காலில் தாங்காது. 925 என்றால் ஆயிரம் பங்கில் 925 வெள்ளி, மிச்சம் பெரும்பாலும் செம்பு. நிறத்தைப் பார்த்து இந்தக் கணக்கைச் சொல்ல என்னாலும் முடியாது. தரத்தை முத்திரையில் பாருங்கள், அல்லது உரைத்தும் உருக்கியும் சோதிக்கக் கொடுங்கள். 2025 செப்டம்பரில் வெள்ளி நகைகளுக்கும் ஆறு இலக்க அடையாள எண், கட்டாயமாக அல்லாமல் விருப்பத்தின் பேரில், நடைமுறைக்கு வந்தது. கேட்டு வாங்குங்கள்.

"உடம்புச் சூடு" என்றும் சிலர் சொன்னார்கள். பெண்ணைத் தனியே அழைத்துக் கேட்டேன். கணுக்காலில் அரிப்புக்கு இரண்டு மாதமாகக் களிம்பு பூசுகிறாளாம். வாங்கிப் பார்த்தேன்: கந்தகக் களிம்பு! வேறென்ன வேண்டும்? ரப்பர் பேண்ட் போட்டுப் பீரோவில் வைத்தாலும், கம்பளித் துணியில் சுற்றினாலும் இதே கதைதான். திருமணிமுத்தாற்றங்கரையில் சாக்கடை வாடைக்கு நடுவில் குடியிருப்பவர்களின் வெள்ளிக் குத்துவிளக்கு மற்றவர்களுடையதைவிட முந்திக் கறுப்பதும் இதனால்தான். சேர்வராயன் மலையில் தெளிந்து பிறக்கும் ஆறு ஊருக்குள் அப்படி ஆகிவிட்டது; அது தனி வேதனை.

கறுத்ததும் பற்பசை போட்டுத் தேய்க்காதீர்கள். கீறல் விழும், வெள்ளியும் தேயும். சம்பந்தி வீட்டுச் சமையலறையிலேயே ஒரு பாத்திரத்தில் அலுமினியத் தாளை விரித்து, கொலுசை அதன்மேல் படும்படி வைத்து, சமையல் சோடா கரைத்த வெந்நீரை ஊற்றினேன். கந்தகத்தை அலுமினியம் பிடுங்கிக்கொள்ள, வெள்ளி வெள்ளியாகவே திரும்பியது. அழுகிய முட்டை வாடை லேசாக எழுந்தது. அந்த அம்மாள் மூக்கைப் பொத்திக்கொண்டு கொலுசையே பார்த்தார். எனாமல் பூச்சோ கல்லோ உள்ள நகைக்கு இது ஆகாது. பூந்திக்கொட்டை நீரில் மெல்லக் கழுவினால் அழுக்காவது போகும்.

செவ்வாய்ப்பேட்டைக் கடைக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள். கொலுசைச் சுற்றித் தரும் ரோஸ் காகிதத்தில் நாலு வரி அச்சடித்துக் கொடுங்கள்: வெள்ளி கறுக்கும், கறுத்தால் இப்படிக் கழுவலாம், கந்தக மருந்து பூசும் நாளில் கழற்றி வையுங்கள் என்று.

— ஓய்வுபெற்ற கொலுசுத் தொழிலாளி,
சிவதாபுரம், சேலம்.