கண்காட்சி மேசையில் ஒரு மல்டிமீட்டர் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

காரைக்குடிப் பக்கம் பள்ளிக் கண்காட்சி என்றால் அர்டுயினோ என்ற சின்ன கணினிப் பலகையில் செய்த வோல்ட்மீட்டர் ஒன்றாவது இருக்கும். பேட்டரி கடைக்காரன் என்பதால் என்னையும் பார்க்கக் கூப்பிடுகிறார்கள். சந்தோஷம்தான். ஆனால், திரையில் தெரியும் எண் சரியா என்று நடுவர்கள் யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை.

அர்டுயினோ ஊனோ மாடலுக்கு வோல்ட் நேராகத் தெரியாது. தனக்கு வரும் சப்ளையை 1024 பங்காக்கி, உள்ளே வருவது எத்தனை பங்கு என்று சொல்லும், அவ்வளவுதான். பிள்ளைகள் புரோகிராமில் அந்த சப்ளையைக் கண்ணை மூடிக்கொண்டு 5.0 என்று எழுதிவிடுகிறார்கள். யூஎஸ்பி கேபிளில் நிஜமாக வருவது 4.7 என்றால்? 12.0 வோல்ட்டில் சோர்ந்து கிடக்கும் லெட் ஆசிட் பேட்டரியைத் திரை 12.7க்கு மேல் காட்டும். அதாவது, முக்கால்வாசி காலியானதை ஃபுல் சார்ஜ் என்று சொல்லும்!

பலகையின் 5 வோல்ட் பின்னை, வோல்ட்டை நேராக அளக்கும் மல்டிமீட்டர் கருவியில் அளந்து அந்த எண்ணை எழுதலாம். கேபிளை மாற்றினால் அதுவும் மாறும். சப்ளைக்குப் பதிலாக ஒப்பிட்டுப் பார்க்க, சிப்புக்குள்ளேயே இருக்கும் 1.1 வோல்ட் ரெஃபரன்ஸ் இன்னும் நம்பகமானது. அதையும் ஒருமுறை அளந்துகொண்டு, பேட்டரி வோல்ட்டைக் குறைத்துக் கொடுக்கும் ரெசிஸ்டர்களை அதற்கேற்ப மாற்ற வேண்டும். 25 வோல்ட் வரை அளக்கும் சென்சாரில் ஒரு பங்கே சுமார் 0.024 வோல்ட். இதில் புள்ளிக்குப் பின் நாலு இலக்கம் காட்டுவது வெறும் பகட்டு. (வீட்டு 230 வோல்ட்டை நேராகக் கொடுக்கவே கூடாது, அப்பா!)

பேட்டரி ஆராய்ச்சி நடக்கும் சிக்ரி (மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம்) நம் காரைக்குடியிலேயே இருக்கிறது. பிள்ளைகளுக்கு ஒருநாள் அளவீட்டுப் பயிற்சி அங்கே நடத்தினால் புண்ணியமாகப் போகும்.

இப்படிக்கு,
பேட்டரி கடைக்காரர், பள்ளத்தூர்