கும்பாபிஷேக மலர்க் குழுவுக்கு ஒரு நீர்க்கட்டி வீட்டு மடல்

விழா மலர்க் குழுவில் இருக்கும் பெரியவர்களுக்கும் தம்பிமார்களுக்கும் வணக்கம்.

'ஊரின் முன்னோர்கள்' பகுதிக்குப் பெயர், படிப்பு, வகித்த பதவி, செய்த திருப்பணி, ஒரு பாஸ்போர்ட் சைஸ் போட்டோ கேட்டு வீடு வீடாகப் படிவம் கொடுத்தீர்கள். எங்கள் அய்யாவுக்காக, அதாவது அப்பாவைப் பெற்றவருக்காக, நானும் ஒன்றை எடுத்து உட்கார்ந்தேன். படிப்புக்கு நேரே ஒரு கோடு. திருப்பணிக்கும் போட்டோவுக்கும் அதே கோடு. பதவி என்ற இடத்தில் மட்டும் 'நீர்க்கட்டி' என்று எழுதினேன், கண்மாய் மடையைத் திறந்து வயல்களுக்குத் தண்ணீர் பங்கிட்டு விடுபவர் என்று அர்த்தம். வாங்கிப் பார்த்த தம்பி, "அது பதவி இல்லையேண்ணே" என்றார். அவர்மேல் கோபமில்லை. கண்மாய் மடைக்குள் ஆள் முங்கி எழுந்ததை அவர் பார்த்திருக்க வயதில்லை.

இப்போது பெரியமடையில் இரும்பு ஷட்டரைத் திருகினால் தண்ணீர் வருகிறது. அதற்கு முன்னால் இருந்தது இரண்டு கல்தூண், குறுக்கே ஒரு பலகைக்கல், அடியில் துளையை அடைத்த மரக்கட்டை. கண்மாய் நிறைந்து கிடக்கும் மார்கழிக் குளிரில் தூணைப் பிடித்தபடியே அடிவரை முங்கி அந்தக் கட்டையைப் பிடுங்கவேண்டும். கீழே கண் தெரியாது, கைதான் கண். துளையருகே கால் போனால் தண்ணீர் இழுத்துக்கொள்ளும். வருஷா வருஷம் முங்கி முங்கிச் சீழ் பிடித்து அய்யாவுக்கு இடது காது போய்விட்டது. அப்பத்தா ரகசியம் சொல்வதென்றால் எழுந்து வலப்பக்கம் போய் உட்காரும்.

கண்மாய்த் தண்ணீர் பாயும் ஆயக்கட்டில் அவருக்கு ஒரு குழி நிலம்கூடக் கிடையாது. அதனால்தான் ஊர் அவரை நம்பியது. திருட்டுத்தனமாகத் தண்ணீரைத் திருப்பிக்கொள்ள அவருக்கு வயலே இல்லையே! தை மாசம் கண்மாய் வற்றிவரும்போது முறை வைப்பார்கள். எந்த வாமடை, அதாவது வயலுக்குத் தண்ணீர் பாயும் வாய், எவ்வளவு நேரம் திறந்திருக்கவேண்டும் என்பதைப் பகலில் தன் நிழலைக் காலால் அடி அளந்தும், ராத்திரியில் வெள்ளி பார்த்தும் முடிவு செய்வார். செல்வாக்கான வீட்டுக்காரர் ஒருவர் தன் முறை முடிந்த பிறகும் வாமடையை அகல வெட்டிவிட்டார். அய்யா போய் மண்ணைப் போட்டு அடைத்தார். மறுநாள் அதற்குச் சமாதானம் சொல்ல அந்த வீட்டுத் திண்ணைக்குக் கீழே நின்றுதான் பேசினார்.

களத்தில் நெல்லைத் தூற்றி அளக்கும்போது நீர்க்கட்டிக்கென்று ஒதுக்கும் மரக்கால் நெல்லுக்குச் 'சுதந்திரம்' என்று பெயர். எங்கள் வீட்டில் அந்தச் சொல்லுக்கு 1947-க்கு முந்திய அர்த்தம் அதுதான். நொறுங்கனோ சித்திரைக்காரோ, விளைந்த நெல்லில் ஒரு பங்கு. மழை பொய்த்த வருஷம் சுதந்திரமும் பொய்த்தது, குதிரைவாலிக் கஞ்சிதான்.

1955 புயல் மழையில் விடிய விடியக் கரையைச் சுற்றியது அவர்தான். தலையில் சாக்குக் கொங்காணி, கையில் ராந்தல். கரையில் நண்டு வளை ஒன்றில் கலங்கல் தண்ணீர் கசிவதைப் பார்த்துவிட்டு, வைக்கோலைத் திணித்து, அது போதாமல் அதன்மேல் தானே முதுகைக் கொடுத்து உட்கார்ந்துகொண்டு சத்தம் போட்டாராம். ஆள்கள் மண்மூட்டையோடு வந்து சேரும்வரை எழுந்திருக்கவில்லை. நம் தெருக்கள் அன்று தப்பின. அய்யா இதைச் சொல்லி நான் கேட்டதில்லை, அப்பத்தா சொல்லும். அதுவும் பெருமைக்கில்லை, ஒரு மாசம் அவருக்கு முதுகில் எண்ணெய் தேய்த்த சலிப்பில்.

அப்பத்தா பெற்றது ஏழு, நின்றது நாலு. இரண்டை அம்மை கொண்டுபோனது. அய்யாவின் தம்பி, தோட்டத்துக்கு ஆள் சேர்க்கும் கங்காணி பேச்சைக் கேட்டு மண்டபம் கேம்ப் வழியாக இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போனார். 1964 சாஸ்திரி–சிறிமாவோ ஒப்பந்தத்துக்குப் பிறகு அவர் பிள்ளைகள் திரும்பி வந்தார்கள், அவர் வரவில்லை. யாருக்கும் பிறந்த தேதி இல்லை. 'தனுஷ்கோடி அழிஞ்சப்ப உங்கப்பனுக்கு மீசை அரும்புற வயசு' என்பதுதான் கணக்கு.

இன்னொன்றையும் எழுதாமல் விட முடியாது. எந்தக் கோயிலுக்கு இப்போது கும்பாபிஷேகமோ, அதற்குள் அய்யா இளவயதில் கால் வைத்ததில்லை. 1939-ல் மதுரை மீனாட்சியம்மன் கோயிலில் வைத்தியநாத ஐயர் தலைமையில் ஆலயப் பிரவேசம் நடந்தது. மதுரைக்கும் நம் ஊருக்கும் பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம்தான். அந்தப் பிரவேசம் இங்கே வந்து சேர எத்தனை வருஷம் ஆனது என்பது உங்களில் மூத்தவர்களுக்குத் தெரியும். அய்யாவின் சாமி மடைக்கருப்பு. மடை திறக்கும் அன்று கரையில் கிடா வெட்டிப் பொங்கல் வைத்து, முதல் மரியாதையை அய்யாவுக்குக் கொடுப்பார்கள். மறுநாள் பழையபடி.

நான் கேட்பது ஒரு பக்கம். கட்டணம் உண்டென்றால் கட்டிவிடுகிறேன். 'மற்றும் பல உழைப்பாளிகள்' என்கிற வரியில் மட்டும் அவரைச் சேர்த்துவிடாதீர்கள். திருப்பணி என்ற இடத்தில் நான் போட்ட கோட்டை அடித்துவிட்டு '55 புயலை எழுதிக்கொள்ளுங்கள். அப்பத்தா பெயரும் கூடவே வரட்டும். அவர் மடைக்குப் போன ராத்திரியெல்லாம் கரையில் ராந்தல் பிடித்து நின்றது அதுதான்.

போட்டோவுக்குப் பதிலாக அவருடைய மண்வெட்டி வீட்டில் இருக்கிறது. தேய்ந்து தேய்ந்து உள்ளங்கை அகலம்தான் மிச்சம். ஞாயிற்றுக்கிழமை கொண்டுவருகிறேன். காம்பு ஆடுகிறது, தரையில் வைத்தே படம் எடுங்கள்.

இப்படிக்கு,
நீர்க்கட்டி வீட்டுப் பேரன்