மணலில் திரும்ப விட்டால் அது பிழைக்காது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் வந்த கூயிடக் என்ற ராட்சத மட்டி பற்றிய கட்டுரையை இரண்டு முறை படித்தேன். வாஷிங்டன் மாநிலத்தில் பல ஆண்டுகளாக வசிக்கிறேன். பியூஜெட் சவுண்ட் கடற்கரையின் இந்த விந்தையான உயிரைப் பற்றித் தமிழில் ஒரு கட்டுரை வந்ததே எனக்குப் பெரிய மகிழ்ச்சி. ஆனால் அதன் கடைசிப் பத்தியில் இருந்த ஒரு வரி என்னைத் தூங்கவிடவில்லை. ‘தோண்டியெடுத்த மட்டி சிறியதாக இருந்தால் மணலிலேயே விட்டுவிடலாம்’ என்று எழுதியிருக்கிறீர்கள். தயவுசெய்து இதைத் திருத்துங்கள். விட்டால் அது செத்துப்போகும்.

காரணம் அதன் உடலமைப்பில் இருக்கிறது. முட்டையிலிருந்து வந்த குஞ்சு சில வாரங்கள் நீரில் மிதந்து திரிந்துவிட்டு அடிமண்ணில் இறங்குகிறது. அப்போது அதற்கு மண்ணைத் தோண்ட ஒரு தசைக்கால் உண்டு. அதைக்கொண்டு முதல் சில ஆண்டுகள் ஆழம், இன்னும் ஆழம் என்று போய்க்கொண்டே இருக்கும். சுமார் மூன்றடி வரை இறங்கிவிட்ட பிறகு அந்தக் காலுக்கு வேலை இல்லை. உடல் பெருக்கப் பெருக்கக் கால் சிறுத்துப் பயனற்றுப் போகிறது. அதன் பிறகு வாழ்நாள் முழுதும் அதே இடம்தான். நாம் வெளியே எடுத்துப் போட்டால் அதனால் மறுபடி புதையவே முடியாது. கழுத்து போன்ற அந்த நீண்ட குழலையும் ஓட்டுக்குள் இழுத்துக்கொள்ள முடியாது. நண்டுக்கும் நட்சத்திர மீனுக்கும் இரையாகத் திறந்து கிடக்கும்.

இதனால்தான் எங்கள் மாநில விதி கண்டிப்பாக இருக்கிறது. உரிமம் வாங்கிய ஒருவர் ஒரு நாளைக்கு மூன்று எடுக்கலாம். முதலில் தோண்டிய அந்த மூன்றும், சிறியதோ பெரியதோ, குழல் அறுந்ததோ அறாததோ, அவருக்கே உரியவை. பிடிக்கவில்லை என்று ஒதுக்கிவிட்டு இன்னொன்றைத் தேட அனுமதி இல்லை.

பெயரைப் பற்றியும் ஒரு வார்த்தை. ‘வாத்துச் சிப்பி’ என்று தலைப்பிட்டிருக்கிறீர்கள். geoduck என்ற ஆங்கில எழுத்துக்கூட்டல் அப்படி ஏமாற்றும். இங்கே யாரும் அதை ‘ஜியோடக்’ என்று சொல்வதில்லை, ‘கூயிடக்’ என்றுதான் சொல்கிறார்கள். இப்பகுதிப் பழங்குடியினரின் லஷூட்சீட் மொழியிலிருந்து வந்த சொல் அது. ‘ஆழமாகத் தோண்டு’ என்று அதற்குப் பொருள் சொல்வார்கள். வாத்துக்கும் அதற்கும் ஒரு தொடர்பும் இல்லை. சீனர்கள் அதை யானைத் துதிக்கை மட்டி என்று அழைப்பது அதன் உருவத்துக்கு எவ்வளவு பொருத்தம்! அந்த உருவத்தை உங்கள் கட்டுரை பல வரிகளில் கேலி செய்திருந்தது எனக்கு வருத்தமாக இருந்தது. மேலே கடல்நீர், கீழே மூன்றடி மணல். நடுவே மூச்சுக்கும் உணவுக்கும் ஒரே வழி அந்தக் குழல்தான். உள்ளே இரண்டு பாதைகள். ஒன்று நீரை உள்ளிழுக்கிறது, மற்றொன்று வெளியே தள்ளுகிறது. வரும் நீரிலுள்ள நுண்ணிய மிதவைப் பாசிகளே அதன் உணவு.

அதன் வயதைக் கட்டுரை குறிப்பிடாமல் விட்டது பெருங்குறை. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் கிடைத்த ஒன்றுக்கு 168 வயது என்று கணக்கிட்டிருக்கிறார்கள். மரத்தின் ஆண்டு வளையங்களைப் போலவே ஓட்டின் கீல் பகுதியில் வரிகள் பதிகின்றன. கடல் வெதுவெதுப்பாக இருந்த ஆண்டில் வரி அகலமாகவும் குளிர்ந்த ஆண்டில் குறுகலாகவும் இருக்கும். அவற்றை அளந்து, வெப்பமானிப் பதிவுகள் இல்லாத காலத்துக் கடலின் வெப்பநிலையைக்கூட ஆய்வாளர்கள் கணிக்கிறார்கள். முதன்முதலாக நான் தோண்டிய மட்டியின் ஓட்டை இன்னும் வைத்திருக்கிறேன். அது என்னைவிட மூத்ததாக இருக்கலாம் என்று பிறகுதான் தெரிந்தது. அன்றிலிருந்து ஒன்றைத் தோண்டுமுன் கொஞ்ச நேரம் நின்று யோசிக்கிறேன்.

சுவையைப் பற்றி நீங்கள் எழுதியது சரி, ஆனால் போதாது. கொதிநீரில் சில நொடிகள் முக்கி எடுத்து உடனே குளிர்ந்த நீரில் போட வேண்டும். ஓடு கழன்றுவிடும். குழலின் முரட்டுத் தோல் காலுறையைக் கழற்றுவது போல முழுதாக உரிந்து வரும். நீளவாக்கில் பிளந்து மணல் போகக் கழுவி, காகிதம் போல மெல்லியதாக நறுக்க வேண்டும். பச்சையாக வாயில் வைத்தால் முதலில் உப்பு, பிறகு ஒரு தெளிந்த இனிப்பு. பல்லில் இளம் வெள்ளரிக்காய் போல நறுக்கென்று கடிபடும். ஜப்பானியர் சஷிமியாக, அதாவது பச்சையாகச் சீவி, உண்பதும், சீனர்கள் கொதிக்கும் சாற்றில் ஒரு நொடி தோய்த்து உண்பதும் இந்த நறுக்கைக் காப்பாற்றத்தான். ஒரு நிமிடம் கூடுதலாக வெந்தால் ரப்பர்தான். ஓட்டுக்குள் இருக்கும் மென்மையான சதை வேறு வகை. அதை மாவில் புரட்டி வறுத்தால் எனக்குக் குழலைவிடவும் பிடிக்கும். குடல் பகுதியை மட்டும் கட்டாயம் எறிந்துவிட வேண்டும். சில பாசிகளால் வரும், உடலைச் செயலிழக்கச் செய்யும் நஞ்சு அங்கேதான் சேர்கிறது. சமைத்தாலும் அது அழியாது. ஆகவே தோண்டப் புறப்படுமுன் அந்தக் கடற்கரை திறந்திருக்கிறதா என்று மாநிலச் சுகாதாரத் துறையின் அறிவிப்பைப் பார்ப்பது அவசியம். இதையும் சேர்த்து வெளியிட்டால் நல்லது.

இங்கே 1970இல் வணிக அறுவடை தொடங்கியது. மூழ்குநர்கள் கடலடியில் நீரைப் பீய்ச்சி மண்ணை இளக்கி எடுக்கிறார்கள். அறுவடைக்குரிய இருப்பில் ஆண்டுக்கு 2.7 விழுக்காடுதான் எடுக்கலாம் என்பது வரம்பு. அதில் பாதி பழங்குடியினரின் ஒப்பந்த உரிமை. 1994இல் நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. இவ்வளவு சிறிய விழுக்காடு ஏன் என்று கேட்பவர்களுக்கு அந்த 168 வயதுதான் பதில்.

கூயிடக் வெளிப்படும் அளவுக்குக் கடல் உள்வாங்கும் பகல் நேரங்கள் எங்களுக்கு வசந்தத்திலும் கோடையிலும்தான் வரும். இங்கும் உங்கள் வாசகர்கள் பலர் இருக்கிறோம். கட்டுரையைப் படித்துவிட்டு மண்வெட்டியோடு குடும்பமாகக் கிளம்புவோம் என்று சிலர் சொல்லக் கேட்டேன். அதற்கு முன் அடுத்த இதழிலேயே திருத்தத்தை வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
வாஷிங்டன் மாநிலம்