குடியிருப்போர் நலச் சங்கம், வேலூர்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும், இந்த வெயிலிலும் வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

செயற்குழு மாதந்தோறும் கூடியது. மழையால் ஒருமுறை தள்ளிப்போனது. தெருவிளக்குகள் எரிகின்றன. பாதாளச் சாக்கடைக்குத் தோண்டிய பள்ளம் அப்படியே கிடக்கிறது. சந்தா பாக்கியைப் பற்றி இப்போது பேச வேண்டாம் என்று தலைவர் கண்ணாலேயே சொல்கிறார்.

கண் என்று வாயில் வந்துவிட்டதால் அதற்கே போகிறேன். கிளாக்கோமா என்பது பெரும்பாலும் கண்ணுக்குள் அழுத்தம் கூடிப் பார்வை நரம்பு கெடும் நோய். உலக கிளாக்கோமா வாரத்தையொட்டி மார்ச்சில் நடத்திய முகாமுக்குப் பலர் வரவில்லை. அழைக்கப் போனபோது “எனக்கு பிரஷர் நார்மல் சார், மாத்திரை சாப்பிடுறேன்” என்றார்கள். அது ரத்த அழுத்தம். இது கண்ணுக்குள் ஊறும் நீரின் அழுத்தம். ஒன்று சரியாக இருப்பதால் மற்றதும் சரி என்று ஆகாது.

இந்த நோய் நம்மூரில் எவ்வளவு என்று வெளியூர்க் கணக்கைப் பார்த்து ஊகிக்க வேண்டியதில்லை. ஆரணி ரோடு ஷெல் கண் ஆஸ்பத்திரியைச் சேர்ந்த சி.எம்.சி. (கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி) மருத்துவர்கள் வேலூர் நகரத்திலேயே 30 முதல் 60 வயது வரையுள்ள 972 பேரைப் பரிசோதித்து, 1998இல் முடிவை வெளியிட்டார்கள். கண்ணுக்குள் நீர் வடியும் மூலை குறுகி அடைபடும் மூடிய கோண வகை 4.32 சதவீதம், அந்த மூலை திறந்தே இருக்கும் திறந்த கோண வகை 0.41 சதவீதம். நோய் இல்லாமல் கண் அழுத்தம் மட்டும் கூடியிருந்தவர்கள் 3.08 சதவீதம். அறுபதைத் தாண்டியவர்கள் அந்தக் கணக்கிலேயே இல்லை. இந்த மண்டபத்தில் முக்கால்வாசிப் பேர் அந்த வயதுக்காரர்கள்தானே.

மதுரை, திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கம் 40 வயதைக் கடந்த 5,150 பேரை அரவிந்த் கண் மருத்துவமனை மருத்துவர்கள் பார்த்தபோது நிலவரம் தலைகீழ்: திறந்த கோணம் 1.7 சதவீதம், மூடிய கோணம் 0.5 சதவீதம். இந்த நோயை வகை பிரிக்க இப்போது பின்பற்றும் முறை 2002இல்தான் வந்தது. அதனால் நம்மூர் எண்ணை அப்படியே எடுத்துப் பக்கத்தில் வைத்து ஒப்பிட முடியாது. ஆனாலும் மூடிய கோணத்தை அலட்சியப்படுத்த முடியாது என்பது என் கருத்து.

கோணம் என்பது கண்ணின் நிறப் படலமும் முன்பக்கக் கண்ணாடித் திரையும் சேரும் மூலை. கண்ணுக்குள் ஊறும் நீர் வடிவது அங்கேதான். மூலை குறுகலாக இருந்தால், பாத்திரம் கழுவும் தொட்டியில் சோறு அடைத்த மாதிரி, நீர் வடியாமல் தேங்கி, பின்னால் இருக்கும் நரம்பை நசுக்கும். வலி வந்தால்தானே டாக்டரிடம் போவோம்? வேலூரில் கண்டுபிடித்த மூடிய கோண நோயாளிகள் எல்லோருக்கும் இருந்தது மெல்ல வளரும் வகை. முதலில் ஓரப் பார்வை போகும். எதிரில் இருப்பது தெரிந்துகொண்டிருக்கும் வரை அதை யாரும் கவனிப்பதில்லை. போன பார்வை திரும்பாது. புரை போல அறுவை செய்து மீட்க முடியாது.

என் அக்கா கண்ணாடி மாற்றப் போன இடத்தில் டார்ச் அடித்துப் பார்த்து “புரை இல்லைம்மா” என்று அனுப்பிவிட்டார்கள். இரண்டு வருடம் கழித்து வேறொரு மருத்துவர் கோணத்தைப் பார்த்துச் சொல்லும்போது ஒரு கண்ணில் பாதி போயிருந்தது. கூடப் பிறந்தவர்களும் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றதால் நானும் போனேன். எனக்கும் குறுகல். லேசரால் நிறப் படலத்தில் ஊசித் துளை போட்டார்கள். போன அன்றே வீடு திரும்பினேன்.

கோணம் குறுகலாயிருந்தும் நோய் வராதவர்களில் 50 பேரை, ஐந்து வருடம் கழித்து அதே வேலூரில் திரும்பப் பார்த்தார்கள். 11 பேருக்குக் கோணம் அடைபடும் அடுத்த கட்டத்துக்குப் போயிருந்தது. மீதிப் பேருக்குப் போகவில்லை. ஆகவே எல்லோருக்கும் லேசர் தேவையா என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

முகாமில் மேல்சிகிச்சைக்கு அனுப்பியவர்களின் பெயரையோ எண்ணிக்கையையோ இங்கே வாசிக்கப் போவதில்லை. சொட்டு மருந்து எழுதிக் கொடுத்தவர்கள் பாட்டில் தீர்ந்ததும் நிறுத்திவிட வேண்டாம். ஆஸ்துமா இருந்தால் முன்னாடியே சொல்லிவிடுங்கள். கண் அழுத்தத்துக்குக் கொடுக்கும் டைமோலால் என்ற சொட்டு மூச்சுத் திணறலைக் கூட்டும்.

அடுத்த முகாமில் கோணம் பார்க்கும் லென்ஸோடு மருத்துவர் வருவதாக இருந்தால் மட்டுமே பந்தல் போடுவது என்று செயற்குழு முடிவு செய்திருக்கிறது. இந்த வருடப் பந்தல் செலவைப் பொருளாளர் வாசிப்பார்.