மருந்து எடுப்பவருக்கும் அப்பம் கொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிறு ஆராதனையில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு பாட்டி, சேலையைப் பாதத்தின் மேல் இழுத்து இழுத்து விட்டுக்கொண்டே இருந்தார். என் அம்மாவும் கால் புண்ணை அப்படித்தான் மறைத்தார். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நான் பாளையங்கோட்டையில் பள்ளி ஆசிரியை. மருந்து எடுப்பதை அவிசுவாசம் என்று போதிக்கிற ஒரு பெந்தெகொஸ்தே சபையில் இருபது வருடமாக விசுவாசி. சபையின் பெயர் வேண்டாம். அப்பா இறந்தபோது, அடக்கம் முடிந்ததும் சொந்தக்காரர்கள் பஸ் ஏறிவிட்டார்கள். சபைச் சகோதரிகள்தான் மாதக்கணக்கில் மாறி மாறி வந்து அம்மாவுக்குத் துணையாகப் படுத்தார்கள், கஞ்சி வைத்துக் கொடுத்தார்கள். அந்த அன்பில்தான் அம்மா ஞானஸ்நானம் எடுத்தார், கம்மலைக் கழற்றினார், வெள்ளைச் சேலைக்கு மாறினார். இதிலெல்லாம் எனக்கு ஒரு குறையும் இல்லை. நானும் நகை போடுவதில்லை.

ஆனால் அம்மாவுக்குச் சர்க்கரை இருந்தது. வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்தில் சாட்சி நேரம் வரும். "பதினைஞ்சு வருஷமா ஒரு மாத்திரை தொடல, கர்த்தர் நடத்துறார்" என்று ஒருவர் எழுந்து சொன்னால் சபையே அல்லேலூயா சொல்லும். மாத்திரை சாப்பிட்டுப் பிழைத்தவர் எழுந்து சாட்சி சொல்லி நான் பார்த்ததில்லை. அம்மா யாரிடமும் சொல்லாமல் மாத்திரையை நிறுத்திவிட்டார்.

பெருவிரலில் ஒரு கொப்புளம் வந்தது. எண்ணெய் பூசி ஜெபித்தார்கள். ஒருநாள் பள்ளி விட்டு வந்தபோது வீட்டுக்குள் ஒரு வாடை. சேலையின் ஓரத்தில் மஞ்சளாகக் கறை. ஆஸ்பத்திரியில் விரலை எடுத்தார்கள், இன்சுலின் ஆரம்பித்தார்கள். ஜெபிக்க வருகிற சகோதரிகள் தண்ணீர் எடுக்கப் பிரிட்ஜைத் திறப்பார்களே என்று, அந்தச் சின்ன பாட்டிலைக் கறிவேப்பிலைக் கவருக்குள் சுருட்டி வைப்பார் அம்மா. எப்படியோ தெரிந்துவிட்டது. நாலு மாதம் கர்த்தருடைய பந்தியில், அதாவது அப்பம் பிட்டுக் கொடுக்கிற திருவிருந்தில், அப்பத்தட்டு அவரைத் தாண்டிப் போனது. "விரலு போனா போட்டும் மக்களே, பந்தி போச்சே" என்று அழுதார்.

"நானே உன் பரிகாரியாகிய கர்த்தர்" என்ற வசனத்தை நானும் விசுவாசிக்கிறேன். அதே வேதத்தில்தான் எசேக்கியா ராஜாவின் பிளவைக்கு அத்திப்பழ அடையைப் பற்றுப்போடச் சொன்னார் ஏசாயா தீர்க்கதரிசி. அப்போஸ்தலர் பவுல் கூடவே இருந்த லூக்கா ஒரு வைத்தியர். மருந்தே கூடாது என்று பிரசங்கித்த ஜான் அலெக்சாண்டர் டோவி, அமெரிக்காவில் சீயோன் என்று ஒரு ஊரையே உண்டாக்கினார். அவர் 1907-ல் இறந்துபோனார். மனிதருக்கு முதன்முதலாக இன்சுலின் போட்டது 1922-ல். அவர் காலத்தில் சர்க்கரை நோய்க்கு, வேண்டாம் என்று விட்டுவிட ஒரு நல்ல மருந்தே கிடையாது. இன்றைக்கு அதே பிரசங்கம் ஒரு காலையே கேட்கிறது.

அம்மா பிறந்ததே நெய்யூர் மிஷன் ஆஸ்பத்திரியில். 1922-லும் 1924-லும் எவரெஸ்ட் ஏறப் போன டாக்டர் சோமர்வெல், விசுவாசத்தினால்தான் அங்கே வந்து பல வருடம் அறுவை சிகிச்சை செய்தார். அவரையும் அவிசுவாசி என்போமா?

டாக்டர்களுக்கும் ஒரு வார்த்தை. வெறும் காதோடு, வெள்ளைச் சேலையில் வருகிறவரிடம் "உங்க பாஸ்டர் பாத்துக்க மாட்டாரா?" என்று கேட்காதீர்கள். ஒரு இளம் டாக்டர் அப்படிக் கேட்டதால் அம்மா அடுத்த இரண்டு முறை செக்கப்புக்கே போகவில்லை.

அம்மா இப்போது இல்லை. நான் அதே சபைக்குத்தான் போகிறேன், போவேன். போதகர்களே, அடுத்த திருவிருந்து ஞாயிறன்று, அப்பத்தைப் பிட்கும் முன், மருந்து எடுக்கிறவர்களும் வாங்கலாம் என்று மேடையிலிருந்து சத்தமாகச் சொல்லுங்கள். என் பக்கத்தில் இருக்கிற பாட்டிக்குக் காது கொஞ்சம் மந்தம்.

இப்படிக்கு,
ஒரு விசுவாசி,
பாளையங்கோட்டை.