ஸ்டெப்னியை வேனின் முகத்தில் மாட்டும் முன்

ஆசிரியருக்கு வணக்கம்.

ஞாயிறு இணைப்பில் வந்த பழைய ஃபோக்ஸ்வாகன் வேன் படத்தைப் பார்த்ததும் எழுத உட்கார்ந்துவிட்டேன். வண்டி அழகுதான். ஆனால் முன்பக்கத் தகட்டிலேயே ஸ்டெப்னியை முடுக்கியிருந்ததும், இடம் மிச்சம் என்று கீழே பாராட்டியிருந்ததும் மனதை உறுத்தின. அதே மாதிரி மாட்டிய 1973 மாடல் ஒன்றை இங்கே ஹனோவரில் பதினோரு வருடமாக வைத்திருக்கிறேன், அதனால் வந்த சேதத்தைக் கண்ணால் பார்த்தவன் நான். இந்த ஊர்த் தொழிற்சாலையில்தான் 1956 முதல் இந்த வேன்கள் உருவாயின.

இன்ஜின் பின்னால் இருக்கிறது, காற்றிலேயே குளிர்கிறது, ரேடியேட்டர் கிடையாது. ஆகவே முன்பக்கம் சும்மா கிடக்கிற சுவர் மாதிரி தெரியும். உள்ளே படுக்கை, அலமாரி, அடுப்பு எல்லாம் வைத்தபின் ஸ்டெப்னிக்கு இடம் தேடுகிறவர் அங்கே மாட்ட நினைப்பது இயல்பு, அதை நான் குறை சொல்லவில்லை. வெறும் தகட்டில் துளை போட்டுத் தொங்கவிடுவதைத்தான் சொல்கிறேன். 14 அங்குலச் சக்கரம், டயரும் இரும்பு டிஸ்க்கும் சேர்ந்து பதினைந்து கிலோவுக்குக் குறையாது. ஒவ்வொரு பள்ளத்திலும் அந்த எடை தகட்டைப் பிடித்து இழுக்கிறது.

என் வண்டியில் முந்தைய உரிமையாளர் நான்கு போல்ட் போட்டிருந்தார். ஒரு குளிர்காலம் கழிந்ததும் துளைகளைச் சுற்றி மயிரிழை விரிசல். பட்டறை ஒன்றில் பெரிய வாஷரும் பசையும் வைத்து அனுப்பினார்கள், நானும் சரி என்று வந்துவிட்டேன். மழைத்தண்ணீர் அந்த வழியாகவே உள்ளே இறங்கிக்கொண்டிருந்திருக்கிறது. இரண்டு வருடம் கழித்து உள் அட்டையைக் கழற்றினால், பெடலுக்கு மேலே தகடு விரலால் தொட்டாலே உதிர்ந்தது. அந்தத் தகட்டுக்குப் பின்னால் ஓட்டுபவரின் கால்தான் இருக்கிறது, வேறெதுவும் இல்லை! நீட்டிக்கொண்டிருக்கும் போல்ட் முனைகள் முழங்காலைப் பார்த்தபடி இருப்பதையும் நினைத்துப் பாருங்கள். முன்னால் சக்கரம் இருந்தால் மோதும்போது மெத்தை மாதிரி காப்பாற்றும் என்பார்கள், நான் அதை நம்புவதில்லை.

அழுகியதை வெட்டிப் புதுத் தகடு வைத்து வெல்டிங் செய்தபின் வேறு மாதிரி மாட்டினேன். பம்பரைத் தாங்கும் இரும்புகள் சேஸியோடு சேர்ந்தவை, எடை முழுவதும் அவற்றின் மேல் உட்காரும்படி பிராக்கெட்டின் கால்களை இறக்கினோம். மேலே இரண்டே போல்ட், அதுவும் சக்கரம் ஆடாமல் பிடிப்பதற்கு மட்டும். உள்ளே உள்ளங்கை அகலத்துக்குத் தடித்த தகடு, இரு பக்கமும் ரப்பர், போல்ட் முனையை மூடும் குமிழ் நட்டு. துளை போட்ட அன்றே விளிம்புக்குத் துரு தடுக்கும் பெயிண்ட். அப்புறம், முன்கண்ணாடிக்குக் கீழே உள்ள காற்றுச் சல்லடையைச் சக்கரம் மறைக்கக் கூடாது, மறைத்தால் உள்ளே புதுக்காற்று குறைந்து கண்ணாடியில் பனி படியும். ஹெட்லைட்டும் நம்பர் பிளேட்டும் முழுசாகத் தெரிய வேண்டும். இங்கே பழைய வண்டிக்கான சிறப்பு நம்பர் வாங்கியவர்கள், வேலையைத் தொடங்கும் முன்பே பரிசோதகரிடம் காட்டிவிடுவது நல்லது, நான் அப்படித்தான் செய்தேன்.

பிரேசிலில் 2013 வரை இதே வேனைச் செய்தார்கள். அங்கே 2005 இறுதிக்குப் பின் வந்தவை தண்ணீரில் குளிர்கிற இன்ஜின் கொண்டவை, ரேடியேட்டர் முன்னால். அதில் ஸ்டெப்னியை முகத்தில் மாட்டினால் காற்றை அடைத்துவிடும், வேண்டவே வேண்டாம்.

டயருக்கு உறை போடுகிறவர்கள் மழை விட்டதும் கழற்றிக் காயவிடுங்கள், உள்ளே தேங்குகிற ஈரம் டிஸ்க்கைத் தின்றுவிடும். வெயில் படுகிற ரப்பர் ஓடாமலே கிழடாகும், ஆகவே டயரின் பக்கவாட்டில், அது தயாரான வாரத்தையும் வருடத்தையும் சொல்லும் நான்கு இலக்கத் தேதியையும் பாருங்கள்.

படத்தில் இருந்த வண்டிக்காரரை உங்களுக்குத் தெரிந்திருக்கும். இந்த வாரமே உள் அட்டையைக் கழற்றி, போல்ட்டுகளுக்குக் கீழே விரலால் தடவிப் பார்க்கச் சொல்லுங்கள்.

அன்புடன்,
ஒரு வாசகர், ஹனோவர், ஜெர்மனி