மாவுக்கட்டுக்குள் மறைந்த சிராய்ப்பு: கால்பந்துச் சங்கங்களுக்கு ஒரு திறந்த மடல்

மாவட்டக் கால்பந்துச் சங்கச் செயலாளர்களுக்கும் போட்டி நடத்தும் மன்றத்தாருக்கும் வணக்கம்.

இங்கிலாந்துக் கால்பந்து வீரர் டெரக் டூலி என்றதும் "கால் முறிந்து ஆட்டம் போனவர்தானே" என்கிறார்கள். முறிவால் போகவில்லை. எங்கள் கோரிக்கையே அந்த இடத்தில்தான் தொடங்குகிறது.

ஷெஃபீல்டில் 1929-இல் பிறந்த டூலி, ஷெஃபீல்ட் வென்ஸ்டே அணியின் சென்டர் ஃபார்வர்ட், அதாவது கோல் அடிக்கும் நடு முன்வரிசை ஆட்டக்காரர். 1951-52 சீசனில் இரண்டாம் டிவிஷனில் 30 ஆட்டத்தில் 46 கோல். அணி பட்டம் வென்று முதல் டிவிஷனுக்கு ஏறியது. அவருடைய மொத்த லீக் கணக்கு 61 ஆட்டம், 62 கோல்; அச்சுப்பிழையோ என்று தோன்றும்.

1953 பிப்ரவரி 14 அன்று பிரெஸ்டன் மைதானத்தில் எதிரணிக் கோல்கீப்பர் ஜார்ஜ் தாம்சனோடு மோதியதில் வலது கால் முறிந்தது. மாவுக்கட்டுப் போட்டார்கள். வீட்டுக்கு அனுப்பவிருந்த நேரத்தில் ஒரு நர்ஸ் தற்செயலாகக் கால்விரலைத் தொட, டூலிக்கு உணர்ச்சியே இல்லை. கட்டைப் பிரித்தால், காலின் பின்பக்கத்தில் இருந்த சின்னச் சிராய்ப்பில் தொற்று ஏறிக் கால் அழுகியிருந்தது. பென்சிலின் வந்துவிட்ட காலம்தான். ஆனாலும் காலை எடுத்துத்தான் உயிரைக் காப்பாற்றினார்கள். வயது 23. பின்னாளில் வென்ஸ்டேவின் மேலாளராகவும், எதிர் முகாமான ஷெஃபீல்ட் யுனைடெட்டின் தலைவராகவும் இருந்தார். ஆட முடியவில்லை, அவ்வளவுதான்.

இந்த அழுகலை உண்டாக்கும் கிருமி மண்ணிலேயே இருக்கிறது. காற்றுப் புகாத, நசுங்கிய தசை கிடைத்தால் மளமளவென்று பெருகும். காயத்தைப் பார்க்காமல் மூடிக் கட்டினால் அதற்கு வசதியாகிவிடும். மைதானத்தில் கோடு போடப் பயன்படுத்திய ரசாயனம் டூலியின் காயத்தில் பட்டிருக்கலாம் என்றும் கருதினார்கள். அதனால் மைதானக் கோட்டுக்குச் சுண்ணாம்பை நிறுத்துங்கள். சாக் பவுடர் போதும்.

ஆள் விழுந்தால் காலை இழுத்து நேராக்காதீர்கள். சாக்ஸைக் கத்தரித்து, டார்ச் அடித்துப் பின்பக்கமும் பாருங்கள். சிராய்ப்பு என்றால் குடிதண்ணீரை நிறைய ஊற்றி மண் போகக் கழுவுங்கள். எலும்பு தெரிந்தால் கழுவக்கூட வேண்டாம். சுத்தமான காஸ் துணியால் மூடி, உடனே ஆஸ்பத்திரி. காப்பித்தூள், மஞ்சள் எதுவும் கூடாது. முழங்காலுக்கு மேலிருந்து பாதம் வரை பலகை வைத்துக் கட்டும்போது விரல்கள் வெளியே தெரியட்டும். போகிற வழியெல்லாம் நகத்தை அழுத்தி விடுங்கள். 2 விநாடியில் சிவப்புத் திரும்ப வேண்டும். ஆட்டக்காரர் கண்ணை மூடிக்கொண்டு, எந்த விரலைத் தொட்டீர்கள் என்று சொல்ல வேண்டும். மரத்துப்போனாலோ சில்லிட்டாலோ கட்டைத் தளர்த்துங்கள். "பின்பக்கம் சிராய்ப்பு உண்டு, மண் பட்டது" என்று சீட்டில் எழுதி, மாவுக்கட்டுக்கு முன்பே டாக்டர் கையில் கொடுங்கள். டெட்டனஸ் ஊசியையும் நினைவுபடுத்துங்கள்.

கட்டுப் போட்ட பிறகு வலி ஏறிக்கொண்டே போனாலோ, நாற்றம் வந்தாலோ, விரல் நிறம் மாறினாலோ அந்த ராத்திரியே திரும்பப் போக வேண்டும். 'அடுத்த வாரம் வரச் சொன்னார்கள்' என்று காத்திருக்கிற வீடுகள்தான் அதிகம்.

கத்தரி, டார்ச், காஸ் துணி, பலகை இரண்டு, 2 லிட்டர் தண்ணீர். இவை எல்லைக்கோட்டருகே இருப்பதை ரெஃப்ரி பார்த்த பிறகே விசில் ஊத வேண்டும் என்று அடுத்த போட்டியின் விதிமுறைத் தாளில் சேருங்கள்.

இப்படிக்கு,
மைதான முதலுதவிக் குழுவினர்